டிலே, ரிவெர்ப் பெடல்கள்: கிதாரைச் சுற்றி ஒரு வெளியை எழுப்புவது

பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி) எதையும் ஆன் செய்யாமல் எலெக்ட்ரிக் கிதாரை ஆம்பில், அதாவது ஒலிபெருக்கியில், செருகுங்கள். எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் மூன்றாம் கம்பியை ஒரே ஒரு முறை மீட்டுங்கள். அது முற்றாக அடங்கும்வரை வேறெதையும் தொடாதீர்கள். டிலேயும் ரிவெர்பும் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். அநேகமாக எல்லாருக்கும் நான்கைந்து விநாடியில் கை துறுதுறுக்கத் தொடங்கிவிடும். ஒலி இன்னும் மிச்சமிருக்கும்போதே அடுத்த சுரத்துக்குத் தாவிவிடுவார்கள்.

இந்த இரண்டு பெடல்களுக்கும் வேலை தொடங்குவதே நீங்கள் வாசித்து முடித்த பிறகுதான். இடைவெளி விடாத கைக்கு எவ்வளவு உயர்ந்த பெடலைக் கொடுத்தாலும் ஒலி குழம்பும். இடைவெளி விடத் தெரிந்த கைக்குச் சாதாரண டிலே ஒன்றே நிறைய செய்யும். கீழே வரும் நாப் (திருகும் குமிழ்) கணக்கு, மில்லிவிநாடிக் கணக்கு எல்லாமே அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது, எங்கே நிரப்பாமல் விடுவது என்பதற்காகத்தான்.

எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு

காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. ஒரு பெரிய சுவரிலிருந்து 17 மீட்டர் தள்ளி நின்று கை தட்டினால், ஒலி போய்த் திரும்ப 34 மீட்டர். அதாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, 100 மில்லிவிநாடி. அந்தத் தட்டு தனியாக, இரண்டாம் முறையாகக் காதில் விழும். இது எதிரொலி. டிலே பெடல் செய்வது இதைத்தான். நீங்கள் வாசித்ததை வாங்கி வைத்துக்கொண்டு, சொன்ன நேரம் கழித்துத் திருப்பித் தருகிறது. பெடலில் 375 மில்லிவிநாடி வைத்தால் ஏறத்தாழ 64 மீட்டர் தொலைவில் ஒரு சுவரைக் கட்டிக்கொண்டீர்கள் என்று பொருள்.

மூடிய மண்டபத்தில் கை தட்டினால் நடப்பது வேறு. நான்கு சுவர், கூரை, தரை, தூண் என்று எல்லாவற்றிலிருந்தும் ஆயிரக்கணக்கான எதிரொலிகள் மிக நெருக்கமாக வந்து சேர்கின்றன. இருபது முப்பது மில்லிவிநாடிக்குள் அடுத்தடுத்து வரும் ஒலிகளைக் காது தனித்தனியாகப் பிரிப்பதில்லை. ஒரே நீண்ட வாலாகக் கேட்கிறது. இது எதிர்முழக்கம். ரிவெர்ப் பெடல் தருவது இது.

ஆக, டிலே சொல்வது தொலைவையும் தாளத்தையும். ரிவெர்ப் சொல்வது நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதை. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், ஒலி சரியாக வராதபோது எந்த நாபைத் தொட வேண்டும் என்று தேடித் திரிய வேண்டியிருக்காது.

பெடல்கள் வருவதற்கு முன்னால் இடத்தையே கருவியாகப் பயன்படுத்தினார்கள். 1947இல் சிகாகோவில் ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் புட்னம் ஒரு குளியலறையில் ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து, அதன் முழக்கத்தை இசைப்பதிவில் சேர்த்தார். 1950களின் இறுதியில் ஃபீனிக்ஸ் நகரில் கிதார்க்காரர் ட்வேன் எடியின் கிதாருக்குக் காலியான பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றே எதிரொலி அறையானது: உள்ளே ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் மைக். இன்று நம் காலடியில் கிடக்கும் சின்னப் பெட்டிக்குள் இருப்பது அந்தத் தொட்டியும் குளியலறையும்தான். நாபைத் திருப்பும்போது ஓர் இடத்தைக் கற்பனை செய்துகொண்டு திருப்புவது நல்ல பழக்கம்.

பெடல்களை அடுக்கும் வரிசை

கிதாரிலிருந்து புறப்பட்டால் முதலில் டியூனர் (சுருதி பார்ப்பது), பிறகு கம்ப்ரெசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), பிறகு ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குபவை), பிறகு கோரஸ் (ஒலியைத் தடிக்க வைப்பது) போன்றவை, அதன்பின் டிலே, கடைசியில் ரிவெர்ப், அங்கிருந்து ஆம்ப். எல்லாம் உங்களிடம் இருக்க வேண்டியதில்லை. ஒரு டிலே, ஒரு ரிவெர்ப் இருந்தால் இந்தக் கட்டுரை முழுவதையும் செய்து பார்க்கலாம். ஆம்பிலேயே ரிவெர்ப் இருந்தால் டிலே ஒன்று மட்டும் போதும்.

டிஸ்டார்ஷன் ஏன் முன்னால் வர வேண்டும்? டிஸ்டார்ஷன் சின்ன ஒலியையும் பெரிய ஒலியையும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு இழுத்துவிடும். டிலேயின் மங்கும் எதிரொலிகள் அதற்குள் நுழைந்தால் மங்காமல் எல்லாம் ஒரே சத்தமாக முட்டி மோதும். ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். அதற்குத்தான் பல ஆம்புகளின் பின்புறத்தில் சென்ட், ரிட்டர்ன் என்று எஃபெக்ட்ஸ் லூப் இருக்கிறது. சென்டிலிருந்து டிலேக்கு, ரிவெர்பிலிருந்து ரிட்டர்னுக்கு இணைத்துவிட்டால் டிஸ்டார்ஷன் முன்னாலும் வெளி பின்னாலும் அமைந்துவிடும். ஷூகேஸ் (shoegaze) என்ற ராக் பாணியில் வாசிக்கிறவர்கள் வேண்டுமென்றே ரிவெர்புக்குப் பின்னால் ஃபஸ் என்ற கடும் டிஸ்டார்ஷனை வைத்து, ஒலியைச் சுவர் போல எழுப்புகிறார்கள். அழகான ஒலிதான். ஆனால் முதலில் நேர் வரிசையில் கை பழகட்டும்.

டிலே முன்னே, ரிவெர்ப் பின்னே என்றால் ஒவ்வொரு எதிரொலியும் தெளிவாகப் பிறந்து, அதற்குப் பிறகு மண்டபத்துக்குள் போகும். திருப்பி வைத்தால் மண்டபத்தின் முழக்கமே திரும்பத் திரும்ப வரும்; ஒலி இன்னும் மங்கலாக, கரைந்தாற்போல இருக்கும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். ஆனால் டிஜிட்டல் டிலே, ரிவெர்புகளுக்கு மின்னோட்டம் நிறைய வேண்டும். 300 மில்லிஆம்ப் கேட்பவையும் உண்டு. பெடலின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதற்குக் குறையாமல் கொடுங்கள். வோல்ட்டை மட்டும் கூட்டிவிடாதீர்கள், பெடல் எரிந்துபோகும். ஒரே அடாப்டரிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒயர் இழுத்தால் சில நேரம் மெல்லிய கீச்சொலி வரும். ஒவ்வொரு வழியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை அதைத் தீர்க்கும்.

முதலில் வறண்ட ஒலி

இரண்டு பெடலையும் அணைத்துவிட்டு ஆம்பைச் சரிசெய்யுங்கள். இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு பெடலைக் குறை சொல்கிறார்கள். ஒலி தெளிவாக, கரகரப்பில்லாமல் இருக்கட்டும். கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) மாற்றி, கிதாரின் டோன் நாபை ஏழு அளவுக்குக் குறையுங்கள். ஆம்பில் பேஸை (கீழ் ஒலிகளை) வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள். வறண்ட நிலையில் கொஞ்சம் மெலிந்து கேட்டால்தான் ரிவெர்ப் சேர்ந்ததும் அளவாக இருக்கும். வறண்ட நிலையிலேயே கொழுத்துக் கேட்கும் கிதார், நீண்ட ரிவெர்புக்குள் போனதும் சேறாகிவிடும்.

அதே போலக் கம்பி உரசும் ஒலி, பிக் (மீட்டும் வில்லை) மோதும் ‘டிக்’, சுருதி விலகல் எல்லாவற்றையும் டிலே திருப்பித் திருப்பிச் சொல்லும். டியூனரை முதல் பெடலாக வைத்ததன் காரணம் இதுவும்தான்.

டிலேயைத் தனியாகப் பழகுதல்

ரிவெர்பை அணைத்து வைத்துவிட்டு டிலேயை மட்டும் ஆன் செய்யுங்கள். எந்தக் கம்பெனிப் பெடலாக இருந்தாலும் அநேகமாக இந்த மூன்று நாப்கள் இருக்கும். டைம்: எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப வர வேண்டும். ஃபீட்பேக், சிலவற்றில் ரிபீட்ஸ்: எத்தனை முறை. மிக்ஸ் அல்லது லெவல்: எவ்வளவு சத்தமாக.

மூன்றையும் ஒரே நேரத்தில் திருப்பிப் பார்க்காதீர்கள். முதலில் ஃபீட்பேக்கை அடியோடு குறைத்து, ஒரே ஒரு எதிரொலி மட்டும் வரும்படி வையுங்கள். மிக்ஸைப் பாதியில் வையுங்கள். இப்போது டைமை மட்டும் மெல்ல ஏற்றிக்கொண்டே ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சுரம் வாசியுங்கள். 30, 40 மில்லிவிநாடியில் எதிரொலி தனியாகக் கேட்காது, ஒலி தடித்தாற்போல இருக்கும். 80 முதல் 120 வரை பழைய ராக் அண்ட் ரோல் பதிவுகளில் கேட்கும் ஸ்லாப்பேக். 300ஐத் தாண்டினால் வெளி திறக்கும். 600, 700இல் நீங்கள் வாசித்ததை மறந்துபோகும் நேரத்தில் அது திரும்பி வரும். ஆம்பியன்ட் வாசிப்பு (மெட்டைவிடச் சூழலை எழுப்பும் மிதப்பான வாசிப்பு) பெரும்பாலும் 350இலிருந்து 700க்குள் நடக்கிறது.

பிறகு ஃபீட்பேக்கை ஏற்றுங்கள். மூன்று நான்கு முறை திரும்பி அடங்கும் அளவு நல்ல தொடக்கம். நாபை மேலும் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் எதிரொலி குறைவதை நிறுத்திவிட்டுத் தன்னைத்தானே ஊதிப் பெருக்கத் தொடங்கும். இதைச் செல்ஃப் ஆசிலேஷன் என்பார்கள். தேவையான இடத்தில் இது அற்புதமான ஒலி. ஆனால் பழகும்போது ஆம்பின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, நாபில் கை வைத்தபடியே செய்யுங்கள். ஹெட்ஃபோனில் இதை முயலவே வேண்டாம், காதுக்குக் கேடு.

கடைசியாக மிக்ஸ். எதிரொலி வறண்ட ஒலியைவிடத் தெளிவாகக் குறைவாக, ஆனால் தேடாமலே கேட்கும்படி இருக்க வேண்டும். நாப் முழுச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவில் நிற்கும். நடுவைத் தாண்டினால் கிதார் உங்களிடமிருந்து விலகிப் போய் எங்கோ இருந்து ஒலிக்கும்.

தாளத்துக்கு டைம்

எதிரொலி தாளத்தில் விழவில்லை என்றால் அது இடைஞ்சல். விழுந்தால் இன்னொரு கிதார்க்காரர் கூட உட்கார்ந்தது போல. கணக்கு எளிது: 60,000ஐ நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்ணால் வகுத்தால் ஒரு தட்டின் நேரம் மில்லிவிநாடியில் வரும். 120 தட்டு என்றால் 500. 75 தட்டு என்றால் 800. டேப் டெம்போ ஸ்விட்ச் இருக்கும் பெடலில் கணக்கே வேண்டாம், தாளத்தைக் காலால் தட்டினால் அதுவே பிடித்துக்கொள்ளும்.

ஆனால் முழுத் தட்டில் எதிரொலி விழுந்தால் அது உங்கள் அடுத்த சுரத்தின் மேலேயே விழும். சரியாக இருக்கும், சுவை இருக்காது. முக்கால் தட்டு வைத்துப் பாருங்கள். ஒரு தட்டை த-க-தி-மி என்று நான்காகச் சொல்லுங்கள். நீங்கள் ‘த’விலும் ‘தி’யிலும் மட்டும் வாசியுங்கள். எதிரொலி மூன்று எழுத்து தள்ளி வருவதால் ‘த’வில் வாசித்தது ‘மி’யில் விழும், ‘தி’யில் வாசித்தது அடுத்த தட்டின் ‘க’வில் விழும். நீங்கள் விட்ட இரண்டு இடங்களையும் பெடல் நிரப்பிவிடுகிறது. பாதி வாசிக்கிறீர்கள், முழுதாக ஓடுகிறது. யூ2 குழுவின் கிதார்க்காரர் தி எட்ஜ் தன் வாசிப்பையே இந்த முக்கால் தட்டின் மேல் கட்டியவர்.

இதற்கான டைம், ஒரு தட்டின் நேரத்தை 0.75ஆல் பெருக்கினால் வரும். 120 தட்டுக்கு 375, 90 தட்டுக்கு 500. ஃபீட்பேக் ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம், மிக்ஸ் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் இல்லாமல் இதைப் பழக முடியாது. கை ஒரு இழை முந்தினாலும் எதிரொலி காட்டிக்கொடுத்துவிடும். முதல் நாள் ஒரே சுரத்தில் வாசியுங்கள். ‘த’வும் ‘தி’யும் இரும்பு போல நிற்கத் தொடங்கிய பிறகு மெட்டுக்குப் போகலாம்.

டேப், அனலாக், டிஜிட்டல்

பெடலின் மேல் எழுதியிருக்கும் இந்தச் சொற்கள் எதிரொலியின் நிறத்தைக் குறிக்கின்றன. 1974இல் வந்த ரோலண்ட் ஆர்ஈ-201 ஸ்பேஸ் எக்கோவுக்குள் உண்மையான நாடா சுற்றிச் சுற்றி ஓடும். நாடா ஓட்டம் ஒரே சீராக இருக்காது, எதிரொலி லேசாக அலையும். ஒவ்வொரு முறையும் கூர்மை மழுங்கும். அனலாக் டிலேயின் அடிப்படை 1969இல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த ஒரு சுற்று. தீயணைக்க வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுவது போல, மின்னழுத்தத்தை ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குக் கை மாற்றிக்கொண்டே போகும். அந்த மாற்றத்தில் வரும் இரைச்சலை வடிகட்டும்போது உயர் ஒலிகளும் சேர்ந்து போய்விடுவதால் எதிரொலி இருண்டு, மென்மையாக இருக்கும். 1983இல் வந்த பாஸ் டிடி-2, கால் பெடல் அளவிலேயே டிஜிட்டல் டிலேயைக் கொண்டுவந்தது. வாசித்தது அப்படியே திரும்பி வரும், 800 மில்லிவிநாடி வரை.

முக்கால் தட்டுத் தாள வாசிப்புக்கு டிஜிட்டல் தெளிவு வேண்டும். மிதக்கும் கார்டுகளுக்கு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) இருண்ட எதிரொலியே நல்லது. வறண்ட சுரம் முன்னால் நிற்கும், எதிரொலி பின்னால் போய்க் கரையும். புதியவர்கள் எல்லாவற்றுக்கும் கூர்மையான டிஜிட்டல் ஒலியையே வைத்துக்கொண்டு, ஏன் நெரிசலாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். பெடலில் டோன் நாப் இருந்தால் அதைக் குறையுங்கள். அனேகமாக அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது ரிவெர்ப் மட்டும்

டிலேயை அணைத்துவிடுங்கள். ரிவெர்பின் முக்கிய நாப் டிகே, முழக்கம் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பது. ஒலியியலில் ஒலி 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரத்தை அளவாகக் கொள்கிறார்கள். நல்ல இசை அரங்கங்களில் இது சுமார் இரண்டு விநாடி. பெடலில் பத்து விநாடிக்கு மேலும் போகலாம், ஆனால் மூன்று முதல் ஐந்து விநாடிக்குள் பழகத் தொடங்குங்கள்.

வகைகளில் ஸ்பிரிங் என்பது ஆம்புகளுக்குள் இருக்கும் சுருள்கம்பியின் ஒலி. பிக்கை ஓங்கி அடித்தால் தண்ணீரில் கல் விழுந்தாற்போலத் தெறிக்கும். பிளேட் என்பது தொங்கவிட்ட எஃகுத் தகட்டின் அதிர்வு. 1957இல் ஜெர்மனியில் செய்த ஈஎம்டி 140 இந்த வகையின் மூலம், எடை கால் டன்னுக்கு மேல். ஒலி வழுவழுப்பாக, அடர்த்தியாக இருக்கும். ரூம் சின்ன அறை, ஹால் பெரிய மண்டபம். ஷிம்மர் என்பது முழக்கத்தை ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) உயர்த்தி மீண்டும் முழக்கத்துக்குள்ளேயே செலுத்துவது. கிதாருக்கு மேலே வயலின் கூட்டம் எழுந்தது போல இருக்கும். முதல் முறை கேட்பவர்கள் ஷிம்மரிலேயே தங்கிவிடுகிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் அது வந்தால் எந்தப் பாட்டுக்கும் அதனால் பலன் இல்லை. ஹாலையும் பிளேட்டையும் காதுக்கு நன்றாகப் பழக்கிய பிறகு அதற்குப் போங்கள்.

கவனிக்கப்படாமல் கிடக்கும் நாப் ப்ரீ-டிலே. மீட்டிய சுரத்துக்கும் முழக்கம் தொடங்குவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி அது. பூஜ்யத்தில் வைத்தால் முழக்கம் சுரத்தை உடனே மூடிக்கொள்ளும். 40 மில்லிவிநாடி வைத்துப் பாருங்கள்: சுரம் தெளிவாக முன்னே நிற்கும், முழக்கம் அதன் பின்னால் எழும். ரிவெர்ப் அளவைக் கூட்டாமலேயே அறை பெரிதானது போல இருக்கும். ரிவெர்ப் வேண்டும், ஆனால் கிதார் தொலைந்துபோகக் கூடாது என்றால் முதலில் தொட வேண்டியது இந்த நாப்.

லோ கட் நாப் இருந்தால் கீழ் ஒலிகளை முழக்கத்திலிருந்து வெட்டுங்கள். ஆறாம், ஐந்தாம் கம்பியின் ஒலி ரிவெர்புக்குள் குறைவாகப் போனால் எல்லாமே தெளியும்.

இரண்டும் சேரும்போது

தனித்தனியாக அழகாக அமைத்த இரண்டையும் அப்படியே ஒன்றாக ஆன் செய்தால் கட்டாயம் மிகையாகும். ஒவ்வொன்றின் மிக்ஸையும் கால் பங்காவது குறையுங்கள். பிறகு எது முன்னால் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். தாளம் முக்கியம் என்றால் டிலே தெளிவாக, ரிவெர்ப் ஒன்றிரண்டு விநாடி. மிதப்பு முக்கியம் என்றால் ரிவெர்ப் நீளமாக, டிலே இருண்டு அதற்குள் மறைந்து. இரண்டும் முன்னால் நிற்க முயன்றால் இரண்டும் நிற்காது.

இந்தப் பாடம் எனக்கு மேடையில்தான் புரிந்தது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கும்படி அமைத்த ஒலியை அப்படியே முதல் இசைக்குழு நிகழ்ச்சிக்குக் கொண்டுபோனேன். மண்டபத்துக்கே சொந்த முழக்கம் இருந்தது. டிரம்ஸும் பேஸும் மற்ற இடத்தை நிரப்பியிருந்தன. பதிவைக் கேட்டபோது கிதார் எங்கேயும் இல்லை, பின்னால் ஒரு மூட்டம் மட்டுமே இருந்தது. அன்றிலிருந்து குழுவோடு வாசிக்கும்போது வீட்டு அமைப்பில் பாதிதான் வைக்கிறேன். அதுவே கேட்பவருக்கு முழுதாகப் போய்ச் சேர்கிறது. மண்டபம் முழங்க முழங்க ரிவெர்பைக் குறைத்து, டிலேயை வைத்துக்கொள்வது நல்லது.

கையின் வேலை

அதிகம் பழக வேண்டியது இந்தப் பகுதி. முதலில் ஸ்வெல். கிதாரின் வால்யூம் நாபைச் சுண்டுவிரலால் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், கார்டை மீட்டி, மீட்டிய பிறகு வால்யூமை மெல்லத் திறங்கள். பிக் மோதும் ஒலி மறைந்து, சுரம் வில் போட்டு இழுத்தது போல எங்கிருந்தோ எழுந்து வரும். நாப் எட்டாத கிதார்களுக்கு வால்யூம் பெடல் உதவும். அதை டிலேக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் வால்யூமை மூடும்போது எதிரொலியும் முழக்கமும் சேர்ந்து அறுந்துபோகும். நாய்ஸ் கேட் (மெல்லிய இரைச்சலை அடைக்கும் பெடல்) வைத்திருந்தால் அதற்கும் இதே விதி.

தொடக்கத்தில் திறப்பது வேகமாகிவிடும். ஒரு தட்டில் திறந்து பழகுங்கள், பிறகு இரண்டு தட்டில், பிறகு நான்கில்.

அடுத்தது கார்டுகள். நீண்ட முழக்கத்தில் பழைய கார்டு இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே புதிய கார்டு வந்து சேரும். இரண்டுக்கும் பொதுவான சுரங்கள் இருந்தால் அவை கலக்கும், இல்லையென்றால் மோதும். இதற்கு ஒரு எளிய வழி: முதல், இரண்டாம் கம்பிகளை எப்போதும் அழுத்தாமல் ஒலிக்க விட்டுவிட்டு, கீழே ஒரே வடிவத்தை நகர்த்துவது.

ஐந்தாம் கம்பியில் ஏழாம் ஃப்ரெட், நான்காம், மூன்றாம் கம்பிகளில் ஒன்பதாம் ஃப்ரெட். மேல் இரண்டு கம்பிகளும் அழுத்தாமல். ஆறாம் கம்பியைத் தொட வேண்டாம். இது ஈ (E) கார்டு. அதே வடிவத்தை நான்காம், ஆறாம் ஃப்ரெட்டுக்கு இறக்கினால் சி ஷார்ப் மைனர் செவன்த். ஐந்தாம் கம்பியை அழுத்தாமல் விட்டு, நான்காம், மூன்றாம் கம்பிகளில் இரண்டாம் ஃப்ரெட் என்றால் ஏ சஸ்-டூ. அங்கிருந்து இரண்டாம், நான்காம் ஃப்ரெட்டுக்கு ஏறினால் பி சஸ்-ஃபோர். நான்கு கார்டிலும் பி, ஈ என்ற இரண்டு சுரங்கள் மாறாமல் மேலே ஒலித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு நீளமான ரிவெர்பிலும் இவை மோதுவதில்லை, ஏனென்றால் மாறாத அந்த இரண்டு சுரங்களே எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கின்றன.

எல்லாக் கம்பிகளையும் ஒரே வீச்சில் அடிக்காதீர்கள். விரல்களால் ஒவ்வொன்றாக விடுங்கள். பிக்கைவிட விரல் நுனி மென்மையாகத் தொடங்கும். ஹார்மோனிக்ஸ் தெரிந்தவர்கள் பன்னிரண்டாம், ஏழாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டிப் பாருங்கள். அந்த மணி ஒலிக்கு டிலே ஒன்றே பத்து மடங்கு ஆயுளைக் கொடுக்கும்.

கலங்கினால் எங்கே பார்ப்பது

எல்லாம் சேறாகக் கேட்டால் முதலில் ஃபீட்பேக்கைக் குறையுங்கள், பிறகு டிகேயை. அப்போதும் தெளியவில்லை என்றால் குறைவாக வாசியுங்கள். பெடலை அணைத்ததும் வால் சட்டென்று அறுந்தால், டிரெயில்ஸ் என்ற வசதி இருக்கிறதா என்று பெடலின் கையேட்டில் பாருங்கள். பெடலுக்குள்ளேயோ பின்னாலோ ஒரு ஸ்விட்ச் இருக்கலாம். எஃபெக்ட்ஸ் லூப்பில் போட்டதும் இரைச்சல் கூடினால் கேபிளையும் பவர் சப்ளையையும் மாற்றிப் பாருங்கள். ஆம்ப் இல்லாமல் கணினியில் நேராகச் செருகிப் பதிவு செய்யும்போது ஒலி கூர்ந்து குத்தினால் அது ரிவெர்பின் குற்றம் அல்ல, ஸ்பீக்கர் கேபினெட் இல்லாத குறை. ஸ்பீக்கரைப் போலவே ஒலியை மாற்றும் கேபினெட் சிமுலேஷன் ஒன்றைச் சேர்த்ததும் மாறிவிடும்.

ஒரு முழுப் பயிற்சி

மெட்ரோனோமில் 90 தட்டு வையுங்கள். டிலே 500 மில்லிவிநாடி, மூன்று முறை திரும்பும் ஃபீட்பேக், மிக்ஸ் கால் பங்கு, டோன் இருண்டு. ரிவெர்ப் ஹால் வகை, டிகே நான்கு விநாடி, ப்ரீ-டிலே 40, மிக்ஸ் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக. மேலே சொன்ன நான்கு கார்டுகளையும் எட்டுத் தட்டுக்கு ஒன்றாக, ஸ்வெல்லோடு வாசியுங்கள். முதல் நான்கு தட்டில் திறப்பது, அடுத்த நான்கில் கையை எடுத்துவிட்டுக் கேட்பது. இரண்டு சுற்று இப்படிப் போகட்டும்.

மூன்றாம் சுற்றில் கார்டுகளை விட்டுவிட்டு, முதல் கம்பியில் மட்டும் ‘த’, ‘தி’ என்று ஒற்றைச் சுரங்களை வாசியுங்கள்: நான்கு தட்டு வாசிப்பு, நான்கு தட்டு நிறுத்தம். நிறுத்தும்போது எதிரொலி என்ன சொல்கிறதோ அதற்குப் பதிலாக அடுத்த நான்கு தட்டை வாசியுங்கள். சில நேரம் அது கொடுக்கும் தாளமே உங்களுக்குத் தோன்றாத ஒரு மெட்டைக் கையில் வைத்துவிடும். நான் உருவாக்கிய மெட்டுகளில் எனக்குப் பிடித்தவை பலவும் இப்படிக் காத்திருந்தபோது வந்தவைதான்.

நான்காம் சுற்றில் மறுபடி கார்டுகள். இதை ஃபோனிலாவது பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது போதாது என்று தோன்றிய ரிவெர்ப், பதிவில் மிகுதியாக இருப்பது தெரியும். கடைசிக் கார்டைத் திறந்த பிறகு கம்பிகளை அமுக்காதீர்கள், பெடலை அணைக்காதீர்கள். முழக்கம் முற்றாக அடங்கி, ஆம்பின் மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சும்வரை பதிவை ஓட விடுங்கள்.